சாரின் முதலாமாண்டு நினைவு: பேனரைத் தவிர பசங்களுக்கு என்ன செய்யலாம்?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலை ஐந்தரை மணிக்கு ஓடுகிற கோஷ்டியில் நானும் ஒருவன். எங்களுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்த சார் போன வருஷம் தவறிவிட்டார். அவர் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் சார் என்றே எழுதுகிறேன். அடுத்த மாதம் முதலாமாண்டு நினைவு நாள். பத்துக்குப் பத்து பேனர், படத்துக்கு மாலை, மதியம் சாப்பாடு என்று வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்துவிட்டார்கள். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு முடிந்துவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

சாரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் டால்டா டப்பாவின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, இழுத்துக் கட்டிய கயிற்றை ஒட்டியே குனிந்தபடி பின்பக்கமாக நடந்து நடந்து லேன் போடுவார். எட்டு லேனும் முடிய வெயில் ஏறிவிடும். அவர் கால் நகம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். நாங்கள் உதவிக்குப் போனால் விட மாட்டார், "கோடு கோணினா ஓட்டம் கோணும், தள்ளு" என்பார். தானே புயலில் மைதானத்து வேப்பமரம் சாய்ந்து கிடந்தபோது, மறுவாரமே அதன் அடிக்கட்டையைத் தாண்டிக் குதிக்க வைத்து எங்களுக்குத் தடை தாண்டல் பழக்கிய மனுஷன்.

போன ஞாயிற்றுக்கிழமை இப்போது ஓட வருகிற பசங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். பி.டி. உஷாவைத் தெரியுமா என்றால் பாதிப் பேர் கை தூக்கினார்கள். அவருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன், ஒரு கை கூட எழவில்லை. பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன், "அவங்க வீடியோ பாத்துக் கத்துக்கிட்டாங்களாண்ணே?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சார் இருந்த மைதானத்தில் இந்தக் கேள்வி வருகிறதே என்று.

அதனால் நினைவு நாள் அன்று அரைமணி நேரம், சாரைப் பற்றியும் அவரைப் போலச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர்கள், ஆடிவிட்டுப் போனவர்கள் பற்றியும் பசங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாரைச் சொல்வது, எப்படிச் சொன்னால் மனசில் நிற்கும்? தகவல் சரியாக இருக்க வேண்டும். ஏனென்றால் ஒரு விழாவில் ஒருவர் ஃபார்வேர்டில் வந்த பட்டியலை அப்படியே வாசித்து, உயிரோடு இருக்கிற ஒரு வீரருக்கும் சேர்த்து மௌன அஞ்சலி சொல்லிவிட்டார். எங்கள் மைதானத்தில் அப்படி நடந்துவிடக் கூடாது.

---

உப்பளம்காரி எழுதியது:

தம்பி, நான் புதுச்சேரியில் முப்பது வருஷம் பி.இ.டி.யாக, அதாவது பள்ளி உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உன் சார் லேன் போட்ட விதத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நானும் அப்படித்தான் போட்டேன்.

நம்பியாரில் இருந்து தொடங்கு. ஓ.எம். நம்பியார், விமானப் படையில் இருந்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர், கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் உஷாவைச் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே பார்த்துத் தேர்ந்தெடுத்தவர். 100 மீட்டர், 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பெண்ணை 400 மீட்டர் தடை தாண்டலுக்குத் திருப்பியதும் அவர்தான். பெண்களுக்கு அந்தப் போட்டியே ஒலிம்பிக்கில் முதல்முதலாக 1984ல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வந்தது. அதில் உஷா எடுத்த நேரம் 55.42 விநாடி, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி என்று வாயால் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியாது, நான் வருஷா வருஷம் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய்தான் வேறு வழி கண்டுபிடித்தேன்.

ஒரு ஸ்டாப்வாட்சை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடு. அழுத்தி உடனே நிறுத்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக என்று சொல். கட்டை விரல் சிவக்கச் சிவக்க அழுத்துவார்கள். என் பிள்ளைகளில் ரொம்பக் கெட்டிக்காரியானவளுக்கே 0.08 வந்தது. அப்புறம் சொல், உஷா தோற்றது இதில் எட்டில் ஒரு பங்கில் என்று. அதோடு விடாதே. அந்த வேகத்தில் ஓடுகிறவர் அந்த நேரத்தில் கடக்கிற தூரம் சுமார் 7 சென்டிமீட்டர். தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடு, நாலு விரலைச் சேர்த்து வைத்து அளந்து இன்னொரு கோடு போடு. பிள்ளைகளை அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்க்கச் சொல். என் பள்ளியில் அந்த இடத்தில் சத்தமே இருக்காது.

முடிவுக் கோட்டில் தலையோ கையோ காலோ கணக்கில்லை, உடம்பின் நடுப்பகுதி கோட்டைத் தொடுவதுதான் கணக்கு. உஷா மார்பை முன்னே தள்ளி விழுந்து முடிக்காமல் போனதைப் பற்றி அவரும் நம்பியாரும் பின்னாளில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார்கள். அந்த நாலு விரலைப் பார்த்த பிறகு மார்பைத் தள்ளி முடிக்கப் பழக்கு, ஒரு தடவை சொன்னால் போதும், மறக்கவே மாட்டார்கள்.

1985ல் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது முதன்முதலாகக் கொடுத்தபோது வாங்கிய மூன்று பேரில் நம்பியார் ஒருவர். பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது 2021ல். அதே வருஷம் ஆகஸ்ட் 19ஆம் தேதி போய்விட்டார். முதல் விருது வாங்கிய மூவரில் இன்னொருவரான குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஓம் பிரகாஷ் பரத்வாஜும் அந்த மே மாதம்தான் இறந்தார். அந்த ஒரு வருஷம் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

---

பழைய கோல்கீப்பர் எழுதியது:

நான் நெய்வேலி. டீச்சர் சொன்ன நாலு விரல் கணக்கை எங்கள் ஃபுட்பால் பசங்களுக்கும் காட்டப்போகிறேன், கோல் கம்பத்தில் பட்டுத் திரும்புவதும் அந்த நாலு விரல்தானே.

ஓட்டம் மட்டும் சொல்லாதீர்கள் தம்பி. சையத் அப்துல் ரஹீம் என்று ஒருவர் இருந்தார், ரஹீம் சாப் என்பார்கள். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பயிற்சியில்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா கால்பந்தில் நாலாவது இடம் வந்தது. இன்றைக்குச் சொன்னால் பசங்கள் நம்ப மாட்டார்கள். 1962ல் ஜகார்த்தா ஆசியப் போட்டிக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் நுரையீரலில் புற்றுநோய். அந்த உடம்போடு நின்று ஆட வைத்தார். ஜர்னைல் சிங் டிஃபென்டர், அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது, அவரைத் தூக்கி முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம். அந்த மனுஷன் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். தென்கொரியாவை 2-1ல் ஜெயித்துத் தங்கம். இறுதியில் இன்னொரு கோல் பி.கே. பானர்ஜி. அடுத்த வருஷம் ஜூன் 11ஆம் தேதி ரஹீம் இறந்துபோனார்.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடி வளர்ந்தவர், முதலில் சென்டர் ஃபார்வேர்டாக ஆடி அப்புறம் கோலுக்கு வந்தவர். அந்த அணி 1955ல் டூரண்ட் கால்பந்துக் கோப்பை ஜெயித்தது. நான் கோலுக்கு நிற்கத் தொடங்கியதே என் அப்பா தங்கராஜைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான். அப்பா வேலைக்குப் போகும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, பந்து மேலே வந்தால் தங்கராஜ் எப்படி ஒற்றைக் கையால் பறிப்பார் என்று செய்து காட்டுவார், கையில் சாப்பாட்டுத் தூக்கு ஆடும். தங்கராஜ் 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். அந்தச் செய்தியை நான் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை, அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

பி.கே. பானர்ஜியும் அந்த அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமியும் 2020ல் ஆறு வார இடைவெளியில் போனார்கள், ஒருவர் மார்ச் 20, இன்னொருவர் ஏப்ரல் 30. கொரோனா நேரம், பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது.

---

வெறுங்கால் எழுதியது:

மைதானம் ஓட்டத்துக்கானது என்றால் சிவநாத் சிங்கை விடவே கூடாது. ராணுவத்துக்காரர், வெறுங்காலோடு ஓடினவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11வது இடம். 1978ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார், அந்தச் சாதனை நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தியாவில் எவராலும் தொட முடியாமல் நின்றது. 2003 ஜூனில் இறந்தார்.

ஒன்று மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். வெறுங்காலோடு ஓடியதைப் பெருமையாக மட்டும் சொன்னால் ஷூ வாங்க முடியாத பையன் தன் காலைப் பழக்கினால் போதும் என்று நினைத்துக்கொள்வான். நான் தேவனாம்பட்டினம் மணலில் வெறுங்காலோடுதான் ஓடிப் பழகினேன். மணலில் சுகமாக இருக்கும், தார் ரோட்டுக்கு வந்ததும் குதிகால் ஒரு வருஷம் என்னை உட்கார வைத்துவிட்டது. நினைவு நாளில் சேர்கிற பணத்தில் பேனரைக் கொஞ்சம் சின்னதாக்கி இரண்டு பையன்களுக்கு ஷூ வாங்குங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

டீச்சர், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நாலு விரல் கோட்டை நேற்றே வீட்டு வாசலில் கோலமாவால் போட்டுப் பார்த்தேன். என் மகள் அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானாப்பா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஷூ விஷயம் குழுவில் பேசிவிட்டேன், பேனர் பாதியாகிறது.

மில்கா சிங் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் குழுவில் வந்த ஃபார்வேர்டில் அவர் ரோம் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார் என்று போட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்ததால்தான் தோற்றார் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் சொல்வது?

---

உப்பளம்காரி எழுதியது:

வெண்கலம் இல்லை தம்பி, நாலாவது இடம். 1960, 400 மீட்டர். அன்றைக்கு ஆள் கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச் கணக்கில் மூன்றாவது வந்த தென்னாப்பிரிக்கர் மால்கம் ஸ்பென்ஸ் 45.5, மில்கா 45.6. மின்னணுக் கணக்கில் மில்காவுக்கு 45.73. அந்த நேரம் இந்தியச் சாதனையாக 1998 வரை நின்றது. தூரக் கணக்கில் பார்த்தால் ஸ்பென்ஸுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மீட்டர் வாக்கில் இருக்கும். அதையும் கோடு போட்டுக் காட்டு, உஷாவின் நாலு விரலுக்குப் பக்கத்திலேயே.

திரும்பிப் பார்த்த கதையை விட்டுவிடு. ஆரம்பத்தில் வேகமாகப் போய்விட்டு 250 மீட்டர் வாக்கில் வேகத்தைக் குறைத்ததுதான் தப்பு என்று அவரே வருந்திச் சொல்லியிருக்கிறார். 400 ஓடுகிற பிள்ளைக்கு அதுதான் பாடம். பிரிவினையில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து அகதியாக வந்த பையன், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஓடவே தொடங்கினார். அங்கே அவரைத் தட்டி ஓட வைத்தவர் குருதேவ் சிங் என்ற ஹவில்தார். மில்கா என்று சொல்லும்போது அந்த ஹவில்தாரையும் சொல். உன் சாரின் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறாய் அல்லவா, அதனால்.

அப்புறம் நிர்மல் கௌர். மில்காவின் மனைவி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பொறுக்காது. இந்தியப் பெண்கள் வாலிபால் அணியின் கேப்டனாக இருந்தவர். கொரோனாவில் 2021 ஜூன் 13ஆம் தேதி இறந்தார். மில்கா அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததால் தகனத்துக்குக் கூடப் போக முடியவில்லை. ஐந்து நாள் கழித்து ஜூன் 18ஆம் தேதி அவரும் போனார். உங்கள் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் இருப்பார்கள், நிர்மல் கௌரை முதலில் சொல்லிவிட்டு மில்காவுக்கு வா.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

நான் டேபிள் டென்னிஸ்காரன். வி. சந்திரசேகர் பெயரை இங்கே யாரும் சொல்லவில்லையே. சென்னைக்காரர், மூன்று முறை தேசிய சாம்பியன், 1982ல் அர்ஜுனா விருது. 1984ல் முழங்காலில் ஓர் அறுவை சிகிச்சை. காலைச் சரி செய்யப் போனவர், அது தவறிப்போய் பார்வை, பேச்சு, நடை எல்லாம் பாதிக்கப்பட்டு வெளியே வந்தார். இருபதுகளின் நடுவில் இருந்த மனுஷன். வழக்குப் போட்டு வருஷக்கணக்காகப் போராடி ஜெயித்தார். அது பெரிசுதான், ஆனால் எனக்குப் பெரிசாகத் தெரிவது அதற்குப் பின்னால் நடந்தது. மறுபடி மேசைக்கு முன்னால் வந்து நின்று, தன்னால் இனி ஆட முடியாத ஆட்டத்தை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்கள் தேசிய அளவில் ஜெயித்தார்கள். அவரையும் கொரோனாதான் கொண்டுபோனது, 2021 மே 12, வயது 63.

நான் சின்ன வயசில் அவர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. என் பயிற்சியாளர்தான் ஒவ்வொரு முறை நான் ராக்கெட்டைக் கோபத்தில் மேசையில் அடிக்கும்போதும் அவரைச் சொல்லுவார். கையில் பிடி இருக்கிறதே, அதற்கே சந்தோஷப்படு, அங்கே ஒருத்தர் ஒவ்வொரு விரலாகத் திரும்பப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று. அப்புறம் நான் ராக்கெட்டை அடித்ததே இல்லை.

இன்னொருவர், எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட்டும் ஹாக்கியும் இரண்டும் ஆடியவர். 1934ல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். 1936ல் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணியோடு போவதா, பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணியோடு போவதா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில் கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் தியான்சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. 2003 டிசம்பரில் தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். ஜெயித்தவர்கள் கதை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

பண்ருட்டி ரெய்டர் எழுதியது:

எல்லாம் சரிதான். நான் சொல்வது கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூலையில் எங்கள் பக்கத்தில் நடந்த கபடிப் போட்டியில் ரெய்டு போன கல்லூரி மாணவர் ஒருவர் ஆட்டக்களத்திலேயே விழுந்து இறந்துபோனார். வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. அந்த வீடியோவை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் அஞ்சலி பேனர் வைத்து எத்தனையோ கபடிப் போட்டி நடந்துவிட்டது, நானே ஆடியிருக்கிறேன். முதலுதவி தெரிந்த ஒரு ஆள் களத்தோரம் உட்கார்ந்திருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அரைமணி நேரம் பேசப்போகிறீர்கள் அல்லவா. அதில் பத்து நிமிஷம் எடுத்து, ஒருத்தன் மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தால் என்ன செய்வது என்று காட்டுங்கள். ஒருத்தர் 108க்கு அடிக்க வேண்டும், இன்னொருத்தர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்குகிற மாதிரி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை விடாமல் அழுத்த வேண்டும். தண்ணீர் தெளிக்கிறேன், சோடா குடிக்க வைக்கிறேன் என்று நேரத்தை விடக் கூடாது. ஒரு நர்ஸைக் கூப்பிட்டு வந்து தலையணையிலோ பொம்மையிலோ செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தத் தம்பியை நான் நினைக்கிற விதம் இதுதான்.

---

கெடிலக்கரை எழுதியது:

ரெய்டர் அண்ணே, கடுமையாக ஒன்றும் இல்லை. குழுவில் ஒருவரின் அக்கா செவிலியர், வரச் சம்மதித்துவிட்டார். முதல் பத்து நிமிஷம் அதுதான்.

அப்புறம் நிர்மல் கௌர், மில்கா, அந்த ஹவில்தார். அடுத்து நம்பியாரும் உஷாவும், கையில் ஸ்டாப்வாட்சோடு. ரஹீம் வாத்தியாரையும் தங்கராஜையும் பழைய கோல்கீப்பர் அண்ணனே வந்து சொல்கிறேன் என்று தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார், அவர் அப்பா மாதிரி பந்தைப் பறித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கோபாலன், சந்திரசேகர், சிவநாத் சிங் மூவரையும் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராகச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். ஒரே நாளில் எல்லாரையும் கொட்டினால் யாருமே நிற்க மாட்டார்கள்.

நேற்று சார் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய் அவருடைய விசிலை எடுத்துவந்து கொடுத்தார்கள். கருப்புக் கயிறு, நடுவில் அறுந்து முடிச்சுப் போட்டது. அன்றைக்கு அதை ஊதித்தான் தொடங்கப்போகிறோம்.

சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை வாங்கியாகிவிட்டது. டால்டா டப்பாதான் கடைகடையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் கோடு திப்பி திப்பியாக விழுகிறது.

---

உப்பளம்காரி எழுதியது:

என் பரணில் ஒன்று இருக்கிறது தம்பி, ஓட்டையோடு. முந்தின நாள் சாயங்காலமே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். கயிற்றின் அந்தப் பக்கத்தை நீ பிடி.